சட்டை தைக்க எந்த மெஷின்? காலரை வைத்து முடிவு செய்யுங்கள்

நான் உடுத்தியிருப்பது நானே தைத்த சட்டை என்று தெரிந்தவுடன் நண்பர்கள் கேட்பது மெஷினைப் பற்றித்தான். ஆர்வம் வந்துவிட்டது, யூடியூபில் பத்துக் காணொளிகள் பார்த்தாயிற்று, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. எதை வாங்குவது என்ற குழப்பத்திலேயே ஆறு மாதம் ஓடிவிடுகிறது. ஒருவர் வீட்டில் அம்மாவின் கால்மிதி மெஷின் பழைய படுக்கை விரிப்பு மூடி மூலையில் கிடக்கிறது. இன்னொருவர் இருபது வகைத் தையல் போடும் வெள்ளை நிற மின் மெஷினைப் பார்த்து வைத்திருக்கிறார். மூன்றாமவரின் மைத்துனர் திருப்பூரில் இருக்கிறார்; கம்பெனியில் ஓடிய பவர் மெஷினைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

மூவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை வகைத் தையல் போடும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு மெதுவாக ஓடும் என்று முதலில் கேளுங்கள். ஈரோட்டில் என் வீட்டு முன்னறையில் ஒன்பது ஆண்டுகளாக எனக்கும் அப்பாவுக்கும் சட்டை தைத்துவருகிறேன். இங்கே சொல்லப்போகும் நான்கு வகை மெஷின்களிலும் தைத்துப் பார்த்த பிறகு வந்த முடிவு இது.

## சட்டை என்ன கேட்கிறது

திரைச்சீலைக்கும் தலையணை உறைக்கும் பொருந்தும் மெஷின் சட்டைக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டையில் ஏறக்குறைய எல்லாமே நேர்த்தையல். அந்த நேர்த்தையல் மெல்லிய பாப்ளின் துணியில், அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் கணக்கில், சுருக்கம் இல்லாமல் விழ வேண்டும். தோள்பட்டை, பக்கவாட்டு இணைப்பு, கைப் பொருத்தல் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். உங்களையும் மெஷினையும் சேர்த்துச் சோதிக்கும் இடம் காலர்தான்.

காலர் முனையை எப்படித் தைக்கிறோம் என்று பாருங்கள். கான்வாஸ் (காலருக்கு விறைப்புத் தரும் உள்துணி) ஒட்டிய மேல் துண்டையும் அடித் துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டே வருகிறோம். முனைக்கு இன்னும் மூன்று தையல் இருக்கும்போது வேகம் அடங்க வேண்டும். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியைப் பாதி திருப்பி, முனையின் குறுக்கே ஒரே ஒரு தையல். மறுபடி ஃபுட்டைத் தூக்கி, மீதியையும் திருப்பி, அடுத்த பக்கம் போக வேண்டும். குறுக்கே விழும் அந்த ஒற்றைத் தையல் உள்ளே மடியும் துணிக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. அதனால்தான் திருப்பிப் போட்ட முனை கூர்மையாக நிற்கிறது. முனையிலேயே சட்டென்று திருப்பினால் துணி உள்ளே குவிந்து முனை உருண்டுவிடும். இடது முனையில் ஒரு தையலும் வலது முனையில் இரண்டும் விழுந்துவிட்டால், சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றவுடன் தெரியும்.

அதன் பிறகு காலர் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உள்ளே தள்ளி மேல்தையல் ஓட வேண்டும். நம் டெய்லர்கள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கழுத்துப் பட்டியைப் பொருத்தும்போது தையல் ஓரத்தை ஒட்டி அரை நூலில் ஓட வேண்டும். பட்டியும் காலரும் சேரும் இடத்தில் துணி, கான்வாஸ், உள்ளே மடிந்த ஓரம் என்று ஏழெட்டு அடுக்கு வந்துவிடும். அந்த மேட்டில் ஏறி இறங்கும்போது மெஷின் திணறக் கூடாது, தையலை விழுங்கவும் கூடாது.

ஆகவே என் அளவுகோல்கள், முக்கியத்துவத்தின் வரிசையிலேயே:

- ஒவ்வொரு தையலாக, அழுத்தம் குறையாமல் ஓட்ட முடிகிறதா?
- மெல்லிய துணியில் நேர்த்தையல் சுத்தமாக விழுகிறதா?
- காலர் பட்டியின் அடுக்குகளைத் துளைத்துச் செல்கிறதா?
- வீட்டில் இடம், சத்தம், மின்சாரம் எப்படி?
- உங்கள் ஊரில் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா?
- விலை, அதோடு விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்.

காஜாவை, அதாவது பொத்தான் துளையை, ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

## கால்மிதி மெஷின்

கறுப்பு நிற வார்ப்பிரும்பு உடல், கீழே இரும்புச் சட்டம், தோல் வார். இதன் பெரிய பலம், வேகம் முழுவதும் உங்கள் பாதத்தில் இருப்பது. முனை நெருங்கும்போது மிதியை நிறுத்தி, வலது கையால் சக்கரத்தைத் திருப்பி ஒரே ஒரு தையல் போடலாம். கனமான சக்கரம் என்பதால் மெதுவாகச் சுற்றினாலும் ஊசி முழு பலத்தோடு இறங்கும். நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷின் என்பதால் தகட்டில் ஊசி இறங்கும் துளை சிறிய வட்டமாக இருக்கும். பாப்ளினும் மல்லும் அந்தத் துளைக்குள் அமுங்க வழியில்லை.

பல வீடுகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. பாட்டிக்குச் சீதனமாக வந்ததாக இருக்கலாம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்ததாகவும் இருக்கலாம். அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள். எங்கள் வீட்டு மெஷின் பதினைந்து ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. வீட்டுக்கு வந்த மெக்கானிக் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலிருந்து கம்பளம் போல் இறுகியிருந்த பஞ்சைக் குச்சியால் நெம்பி எடுத்தார். உள்ளே எல்லாத் திருப்பங்களிலும் பழுப்பு நிறப் பிசின். அம்மா தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். "தம்பி, தலைக்கு வைக்கிற எண்ணெய் வேறு, இதற்கு விடுகிற எண்ணெய் வேறு" என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவினார், மெஷின் ஆயில் போட்டார், வாரை ஒரு அங்குலம் வெட்டி மறுபடி கோர்த்தார். அரை நாள் வேலை. அந்த மெஷினில்தான் இன்றும் காலர் தைக்கிறேன்.

அடிநூல் சுற்றும் பாபினின் கேஸ், ஷட்டில், ஸ்பிரிங் போன்ற உதிரிகள் எல்லாம் சிறிய ஊர்களில்கூடக் கிடைக்கும். லூதியானாவில் இந்த வகை மெஷின்களும் உதிரிப் பாகங்களும் இன்றும் பெருமளவில் தயாராகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். மிதிக்கப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றிவிட்டால் நூல் சிக்கி அறும். நூல் கோர்க்காமல், வெறும் காகிதத்தில் தைத்துத்தான் பாதத்தைப் பழக்க வேண்டும். சில பழைய மாடல்களில் பின்தையல் வராது. தொடக்கத்திலும் முடிவிலும் துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்க வேண்டியிருக்கும். மூட்டுவலி இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாடி வீட்டுக்கு இந்த இரும்புச் சட்டத்தை ஏற்றி இறக்கும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## கால்மிதியில் மோட்டார் பொருத்துவது

அதே மெஷினின் பின்பக்கம் கைப்பிடி அளவு மோட்டார் ஒன்றைத் திருகி, ரப்பர் பெல்ட் மாட்டிவிடுவார்கள். செலவு குறைவு, கால் ஓயாது, பக்கவாட்டு நீளத் தையல்கள் நிமிடத்தில் முடிந்துவிடும். மின்சாரம் போனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மிதிக்கலாம்.

ஆனால் என் முதல் அளவுகோலில் இது சறுக்குகிறது. மலிவான மோட்டார்களில் பெடலை லேசாக அழுத்தினால் உறுமல் மட்டும் கேட்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நான்கு தையல் பாய்ந்துவிடும். முனைகளுக்குக் கைச்சக்கரம்தான் கதி. பெடல் சூடாவதும் உண்டு. தைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் வேண்டும். மிகப் பழைய மெஷின்களில் மோட்டாரைத் திருக இடம் இருக்காது. அதற்குத் துளை போடச் சொல்வார்கள். அரும்பொருள் போன்ற பழைய மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

கால்மிதியில் நன்றாகப் பழகிவிட்ட பிறகு பொருத்திக்கொள்ளுங்கள். முதல் நாளே வேண்டாம்.

## மேசை மேல் வைக்கும் ஜிக்ஜாக் மெஷின்

இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். காரணங்களும் நியாயமானவை. ஏழெட்டுக் கிலோதான் இருக்கும். தைத்து முடித்தால் அலமாரியில் தூக்கி வைத்துவிடலாம். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு குறைவு. பின்தையலுக்கு ஒரு நெம்புகோல், துணி ஓரம் பிரியாமல் இருக்க ஜிக்ஜாக், காஜா போட ஒரு வசதி எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. கை ஓரம், கஃப் போன்ற உருளையான பகுதிகளைத் தைக்க மெஷினின் முன்பகுதியைக் கழற்றி, துணியை அதில் மாட்டிச் சுற்றலாம்.

சட்டைக்கு என்று வரும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஊசித் தகடு. ஊசி இடமும் வலமும் ஆடுவதற்காகத் தகட்டில் அகலமான பிளவு இருக்கும். மெல்லிய துணியின் ஓரத்தில் தையலைத் தொடங்கும்போது துணி அந்தப் பிளவுக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். அரை நூல் ஓரத்தில் தைக்கும்போது இந்தத் தொல்லை அதிகம். இதற்கு வழி இருக்கிறது: ஒரு சிறு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி, அறுக்காமல் அப்படியே சட்டைத் துணிக்குள் போய்விடுங்கள். 11ஆம் எண் ஊசியைப் போடுங்கள். சில மாடல்களுக்கு நேர்த்தையலுக்கான வட்டத் துளைத் தகடு தனியாகக் கிடைக்கும். கிடைத்தால் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, மெதுவாக ஓடும்போது உள்ள பலம். நான் முதலில் வாங்கிய மின் மெஷின் இந்த வகையில் விலை குறைந்த ஒன்று. பக்கவாட்டுத் தையலில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். கழுத்துப் பட்டியின் மேட்டுக்கு வந்ததும் மோட்டார் முனகியது, ஊசி இறங்கவில்லை. பெடலை அழுத்திக்கொண்டே கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி அந்த மேட்டைக் கடப்பேன். இரண்டாம் ஆண்டில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. சர்வீஸ் மையத்தில் அந்தச் சிறிய சக்கரத்தை மட்டும் தர முடியாது, முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை மெஷின் விலையில் பாதியை நெருங்கியது. தெருமுனை மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு உதிரி வெளியில் வராது என்று மூடிவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்த வகையின் மறைமுகச் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே இதை வாங்குவதாக இருந்தால் தையல் வகைகளின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பூ, இலை, வாத்துத் தையல்கள் எல்லாம் சட்டையில் எங்கும் வராது. அதே பணத்துக்கு உள்சட்டகம் உலோகத்தால் ஆன, வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள மாடலைத் தேடுங்கள். நிறுத்தினால் ஊசி துணிக்குள்ளேயே நிற்கும் வசதி விலை உயர்ந்த மாடல்களில் இருக்கும். காலர் தைப்பவருக்கு அது பெரிய உதவி.

## பவர் மெஷின்

தொழிற்சாலையில் ஓடும் ஒற்றை ஊசி மெஷின். ஜுகி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயரையே பலர் இந்த வகைக்குப் பொதுப் பெயராகச் சொல்கிறார்கள். தையலின் அழகு மட்டும்தான் கேள்வி என்றால் இதற்கு நிகர் இல்லை. வட்டத் துளை, சீரான இழுவை, முழங்காலால் தள்ளினால் ஃபுட் தூக்கிக்கொள்ளும் வசதி. இரண்டு கையும் துணியிலேயே இருக்கும் என்பதால் காலர் முனையைத் திருப்புவது சுகமான வேலையாகிவிடுகிறது.

நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடக்கூடிய மெஷினை எப்படி மெதுவாக ஓட்டுவது? எல்லாம் மோட்டாரைப் பொறுத்தது. பழைய கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தைக்காமல் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதும் இரைச்சல், மின்செலவு இரண்டும் உண்டு. பாதம் பழகாதவரைக்கும் துணியைப் பறித்துக்கொண்டு போகும். சர்வோ மோட்டார் பெடலை அழுத்தினால் மட்டும் ஓடும். வேகத்தின் உச்சவரம்பைக் குறைத்து வைக்கலாம். சர்வோ என்றால் யோசியுங்கள், கிளட்ச் என்றால் வீட்டுக்கு வேண்டாம்.

மேசை நான்கு அடி நீளம். ஒருமுறை போட்டால் அந்த இடம் அதற்கே சொந்தம். அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். நீண்ட நாள் ஓட்டாமல் வைத்துவிட்டு வெள்ளைத் துணியோடு உட்கார்ந்தால் முதல் சில அங்குலங்களில் எண்ணெய்க் கறை படியலாம். கழிவுத் துணியில் ஓட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். ஊசியும் வேறு: வீட்டு மெஷின் ஊசியின் மேல்பகுதி ஒருபுறம் தட்டையாக இருக்கும், இதற்கு முழு உருண்டை.

திருப்பூரிலிருந்து பழையது வாங்கித் தருகிறேன் என்னும் மைத்துனரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது ஒற்றை ஊசி நேர்த்தையல் மெஷின்தானா? பின்னலாடைக் கம்பெனிகளில் துணி ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக்கும், பின்னல் துணிக்கான ஃபிளாட்லாக்கும்தான் நிறைய. இரண்டும் சட்டைக்கு முதல் மெஷின் ஆகாது. எந்தத் துணிக்கு அமைத்தது? ஜீன்ஸ் போன்ற கனத் துணிக்கு அமைத்த தகடும் பல்லும் பாப்ளினைக் கடித்துக் குதறிவிடும். மாற்றினால் தனிச் செலவு. எத்தனை ஷிப்ட் ஓடியது? விலை பாதியாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பதிலில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

விலைகள் நான் ஈரோட்டில் விசாரித்த தோராயம். கடைக்குக் கடை மாறும்.

| | கால்மிதி | கால்மிதி, மோட்டாருடன் | ஜிக்ஜாக் | பவர், சர்வோவுடன் |
|---|---|---|---|---|
| ஒவ்வொரு தையலாக ஓட்ட | மிக எளிது | கைச்சக்கரம் வேண்டும் | மாடலைப் பொறுத்தது | எளிது |
| மெல்லிய துணியில் நேர்த்தையல் | நன்று | நன்று | கவனம் வேண்டும் | மிக நன்று |
| காலர் அடுக்குகள் | தடையில்லை | தடையில்லை | மலிவானவை திணறும் | தடையில்லை |
| காஜா | இல்லை | இல்லை | உண்டு | இல்லை |
| இடம் | நிரந்தர மூலை | நிரந்தர மூலை | அலமாரி போதும் | நான்கு அடி மேசை |
| பழுது | உள்ளூர் மெக்கானிக் | உள்ளூர் மெக்கானிக் | பெரும்பாலும் சர்வீஸ் மையம் | பவர் மெஷின் மெக்கானிக் |
| புதிது | ரூ. 7,000 முதல் 10,000 | கூடுதலாக ரூ. 1,500 அளவில் | ரூ. 9,000 முதல் 20,000 | ரூ. 22,000க்கு மேல் |

எதை வாங்கினாலும் நல்ல கத்தரிக்கோலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தையலையும் உடனுக்குடன் தேய்க்காமல் அடுத்த தையலுக்குப் போனால் எந்த மெஷினும் உங்களைக் காப்பாற்றாது. பணம் மிச்சமாகும் என்ற கணக்கோடும் வராதீர்கள். எங்கள் ஊர்க் கனி மார்க்கெட்டில் கிடைக்கும் ஆயத்தச் சட்டையின் விலைக்கு வீட்டில் தைத்துக் கட்டுப்படியாகாது. உங்கள் தோளுக்கு என்றே வெட்டிய சட்டையைப் போடுவது வேறு சுகம்.

## காஜா

"ஜிக்ஜாக் இல்லாவிட்டால் காஜா எப்படிப் போடுவது?" இந்த ஒரு கேள்விக்காகவே பலர் முடிவை மாற்றிக்கொள்கிறார்கள். அரைக்கைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டியில் ஒன்று, முன்பட்டியில் ஆறு, மொத்தம் ஏழு. டெய்லர்கள் இருக்கும் கடைத்தெருக்களில் காஜா மட்டும் போட்டுத் தரும் கடை ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஒரு துளைக்குச் சில ரூபாய்தான் ஆகும். ஜிக்ஜாக் மெஷின் போடும் காஜா முன்பட்டியில் நன்றாக விழும், கழுத்துப் பட்டியில்தான் தகராறு. ஓரத்தின் மேட்டில் ஃபுட் சாய்ந்து ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளியாகவும் போட்டுவிடும். மேலே இருக்கும் அந்த ஒன்றை நான் கையாலேயே போடுகிறேன். கால் மணி நேரம் ஆகும். முன்பட்டியில் காஜா நெடுக்காக வரும், கழுத்துப் பட்டியில் மட்டும் கிடைமட்டம். கடையில் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் குறியிட்டுக் கொடுங்கள்.

காஜாவுக்காக மட்டும் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## யாருக்கு எது

வீட்டில் கால்மிதி இருக்கிறது, முழங்காலும் நன்றாக இருக்கிறது என்றால் வேறு யோசனை வேண்டாம். மெக்கானிக்கை அழையுங்கள்.

அடுக்குமாடி, வாடகை வீடு, அடிக்கடி மாற்றல் ஆகும் வேலை, அல்லது மனைவி, பிள்ளைகளும் தங்கள் துணிகளைத் தைக்கப் போகிறார்கள் என்றால் ஜிக்ஜாக் வாங்குங்கள், மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு. மூட்டுவலிக்காரர்களுக்கும் இதுவே.

பவர் மெஷின், பத்துச் சட்டை தைத்து முடித்து, பதினொன்றாவதற்கும் அதே ஆசையோடு துணி வெட்டுபவருக்கு. தொடக்கத்திலேயே வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்த இருவர் வீட்டில் அந்த மேசை மீது இன்று சலவைத் துணி அடுக்கியிருக்கிறார்கள்.

## கடைக்குப் போகும்போது

விற்பவர் தடித்த கோராத் துணியைத்தான் ஓட்டிக் காட்டுவார். அதில் எல்லா மெஷினும் அழகாகத் தைக்கும். நீங்கள் பாப்ளின் துணியில் மூன்று ஜோடிக் காலர் துண்டுகளை வெட்டி, கான்வாஸ் ஒட்டி எடுத்துப்போங்கள். தைக்க இன்னும் பழகவில்லை என்றால் தெரிந்த டெய்லர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு அடுக்கில் நேராக ஒரு சாண் தைத்து, மேலும் கீழும் புரட்டிப் பாருங்கள். மேல்நூலும் பாபின் நூலும் பின்னும் முடிச்சு எந்தப் பக்கமும் தலைகாட்டக் கூடாது. பிறகு துணியை எட்டாக மடித்து, மெதுவாக அதன் மேல் ஏற்றுங்கள். கடைசியாகக் காலர் முனை: மூன்று தையல் மெதுவாக, குறுக்கே ஒன்று, மறுபக்கம் மூன்று. திருப்பிப் போட்டு நகத்தால் நீவிப் பாருங்கள். முதல் முனை உருண்டிருந்தால் அது மெஷினின் குறையா, புது இடத்தில் கை நடுங்கியதா என்று உடனே தெரியாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் தையுங்கள். அதற்காகத்தான் மூன்று ஜோடி வெட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.